வியாழக்கிழமை வட்டத்தின் தோற்றமும் வளர்ச்சியும்

எங்கள் மாகாணக் கால்நடை மருத்துவர் சங்கத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. அதுவே பெரிய குறை என்று சொல்ல அல்மாட்டி மாநகரத்திலிருந்து ஒரு நிபுணர் ரயில் ஏறி வரவேண்டியிருந்தது.

அதுவரை நாங்கள் விவரமில்லாமல் இருந்தோம். குதிரை வயிற்றுவலியில் புரண்டால் யாராவது ஒருவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஓடினோம். ஒட்டகத்துக்குச் சொறி வந்தால் மருந்து தடவினோம். வருஷத்துக்கு ஒருமுறை சங்க விருந்தில் கூடி, ஆட்டுக்கறி தின்று, பழைய பாட்டுகளைத் தப்புத் தப்பாகப் பாடி, கட்டிப்பிடித்துக்கொண்டு பிரிந்தோம். இதற்குப் பெயர்தான் சங்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், பாவம்.

சங்கத் தலைவர் கைரொல்லா அண்ணன் தலைநகரில் ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டு வந்தார். மாநாட்டுக்குப் போகிறவர்கள் பேரன் பேத்திக்கு மிட்டாய் வாங்கி வருவார்கள். இவர் ஒரு சொல்லை வாங்கி வந்தார். 'உறுப்பினர் ஈடுபாடு.' மற்ற மாகாணங்களில் அது ஏறுமுகமாக இருக்கிறதாம். நம்முடையது எவ்வளவு என்று யாரோ கேட்டிருக்கிறார்கள், இவர் பேந்தப் பேந்த விழித்திருக்கிறார்.

உடனே ஒரு கருத்துக்கணிப்பு நடந்தது. பெரும்பாலோர் பதிலே எழுதவில்லை. ஈடுபாடு இல்லை என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? எழுதிய நாலைந்து பேரும் 'எல்லாம் நன்றாக இருக்கிறது' என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் மனம் திறந்து பேச அஞ்சுகிறார்கள் என்று அறிக்கை வருத்தத்தோடு குறிப்பிட்டது. எழுதியவர்களில் நானும் ஒருவன். நான் அஞ்சுகிறேன் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

சங்கத்தில் அப்போது ஐந்து பிரிவுகள். குதிரை, மாடு, ஆடு, ஒட்டகம், அப்புறம் 'இதர'. கோழி, நாய், பூனை, ஒரு தடவை சர்க்கஸ் கரடி, எல்லாம் இதரவில் அடக்கம். நான் குதிரைப் பிரிவு.

எங்கள் பிரிவைப் பற்றி எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாத ஒரு சங்கதி உண்டு. வியாழக்கிழமை சாயங்காலமானால் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ரௌஷான் அக்காவின் டீக்கடையில் கூடிவிடுவோம். யாரும் கூட்டியதில்லை. யாரும் ஆரம்பித்து வைத்ததில்லை. எண்ணெயில் பொரித்த பௌர்சாக் மாவுருண்டைகளைக் கொறித்துக்கொண்டு, பால் டீயைக் குடித்துக்கொண்டு, ஒருத்தரை ஒருத்தர் வாரிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நடுநடுவே, "அந்தப் பண்ணையில ஒரு குதிரை நொண்டுது, என்னன்னு புரியல" என்று ஒருவர் சொல்வார். கேலியோடு கேலியாக வைத்தியமும் கிடைத்துவிடும்.

இதில் தோலெகென் அண்ணனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் ஓய்வுபெற்று வெகுகாலம் ஆகிறது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் தலைநகர் அஸ்தானாவில். வாரத்தில் வியாழக்கிழமை ஒரு நாள்தான் முகச் சவரம் செய்வார். "மத்த நாள்ல யாருக்குக் காட்டறது, டிவிக்கா?" என்பார். எங்களுக்கு முன்னாலேயே வந்து மூலை மேஜையைப் பிடித்துவைப்பார். ஒரு கோபக்காரப் பொட்டைக் குதிரை தன்னை ஆற்றில் தள்ளிய கதையைச் சொல்வார். வாராவாரம் அந்த ஆறு கொஞ்சம் அகலமாகிக்கொண்டே போகும். வியாழக்கிழமை இல்லையென்றால் அந்த மனுஷனுக்கு வாரமே இல்லை. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் காய்ச்சலே அடித்தாலும் போய்விடுவோம்.

அல்மாட்டியிலிருந்து வந்த நிபுணர் பெயர் சன்ஜார். நல்ல பையன். வெள்ளை வெளேரென்ற காலணி, கையில் கலர் கலராக ஒட்டுச்சீட்டுக் கட்டு. மாட்டுத் தொழுவத்துக்கு அந்தக் காலணியோடு போனதிலிருந்து அவனுக்கு எங்கள்மேல் ஒரு பரிதாபம் வந்துவிட்டது.

"அண்ணே, நீங்க மனுஷங்களை மிருகத்தை வச்சுப் பிரிச்சு வச்சிருக்கீங்க" என்றான் முதல் கூட்டத்தில்.

"நாங்க கால்நடை டாக்டருங்க தம்பி. வேற எதை வச்சுப் பிரிக்கறது?" என்று கேட்டான் மௌலென். எங்கள் பிரிவுதான். வாயை மூடவே தெரியாதவன்.

"உள்ளுக்குள்ள இருக்கிற உந்துதலை வச்சு. சில பேர் முன்னோடி. சில பேர் உடன்பயணி. சில பேர் பாலம்."

"யாரு மேல யாரு நடக்கறதுக்குப் பாலம்?"

"பாத்தீங்களா, இந்தக் கேள்வியே உங்க ஆழத்தைக் காட்டுது" என்று சொல்லி, ஒரு பச்சைச் சீட்டில் எதையோ எழுதி மௌலெனின் சட்டையில் ஒட்டினான் சன்ஜார். 'ஆழ்ந்து கேட்கும் வட்டம்' என்று அதில் இருந்தது. எங்கள் சங்க வரலாற்றில் மௌலெனை யாராலும் அடக்க முடிந்ததில்லை. அன்றைக்கு அடங்கிப் போய் உட்கார்ந்துவிட்டான்.

ஆக, பிரிவுகள் ஒழிந்து வட்டங்கள் பிறக்கப்போகின்றன. எத்தனை வட்டம்? சன்ஜார் இருபது என்றான். கைரொல்லா அண்ணன் முகம் வெளுத்துவிட்டது.

"இருபது தலைவரா? ஏன்டா தம்பி, விருந்துக்கு என்னடா பண்றது?"

அவர் கவலை நியாயமானது. எங்கள் விருந்தில் தலைவர் என்று ஒருவர் உட்கார்ந்துவிட்டால் அவர் தட்டில் ஒரு மரியாதை எலும்பு விழுந்தே ஆகவேண்டும். இடுப்பெலும்பை எதிர்பார்த்து உட்கார்ந்தவருக்கு வெறும் விலா எலும்பு போனால், அவருடைய பிள்ளைகள் உங்கள் பிள்ளைகளோடு பேச மாட்டார்கள்.

"ஒரு ஆட்டுல கௌரவமா வைக்கக்கூடிய எலும்பு பன்னெண்டுதான்" என்றார் கைரொல்லா அண்ணன்.

"அப்போ ரெண்டு ஆடு?"

"ரெண்டாவது ஆட்டு எலும்பு வாங்கறவன் ரெண்டாந்தரத் தலைவன்னு ஆயிடாதா? குத்து வெட்டு ஆயிடும்டா."

சன்ஜார் யோசித்தான். கூடியிருந்தவர்கள் அத்தனை பேரும் கால்நடை மருத்துவர்கள், எலும்புக் கணக்கில் எங்களோடு யாரும் மல்லுக்கட்ட முடியாது. வட்டங்கள் பன்னிரண்டு என்று முடிவாயிற்று. 'உடற்கூறு அடிப்படையில் நிறுவப்பட்ட உகந்த எண்ணிக்கை' என்று திட்ட அறிக்கையில் அச்சேறியது. அடுத்த மாகாணத்துக்காரர்கள் அதைப் படித்துவிட்டு, காரணம் கேட்காமல் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அது மீன்வள நிபுணர்கள் சங்கம்.

குதிரைப் பிரிவை எட்டாக உடைத்து எட்டு வட்டங்களில் போட்டார்கள். பழகியவர்கள் ஒன்றாக இருந்தால் புதிய எண்ணம் பிறக்காதாம். நான் 'விதை' வட்டம். தோலெகென் அண்ணனுக்கு எந்த வட்டமும் இல்லை. ஓய்வுபெற்றவர்களின் ஈடுபாட்டை அளக்க வழியில்லை என்பதால் அவர்களைப் 'போற்றுதலுக்குரியோர்' என்று தனிப் பட்டியலில் வைத்திருந்தார்கள். பிறந்தநாளுக்குக் கைபேசியில் ஒரு பூங்கொத்து வரும்.

"போற்றுதலுக்குரியோர்" என்று நிதானமாகப் படித்தார் தோலெகென் அண்ணன். "செத்தவங்க பட்டியலுக்குப் பக்கத்துப் பட்டியலா இது?"

"சேச்சே, என்னண்ணே நீங்க" என்றேன்.

"இல்ல, ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லிட்டா நானும் தயாரா இருப்பேன்."

நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். "வியாழக்கிழமை உண்டுல்ல?" என்று மட்டும் கேட்டார். "அது எங்கண்ணே போகும்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம்.

வட்டங்கள் வேலையைத் தொடங்கின. பதவி இல்லாதவனுக்கு ஈடுபாடு வராது என்பது சன்ஜாரின் கொள்கை. எனவே ஒவ்வொரு வட்டத்துக்கும் தலைவர், இணைத்தலைவர், ஈடுபாட்டு அலுவலர், பதிவாளர், மகிழ்ச்சிப் பொறுப்பாளர். கடைசியில் சங்கம் முழுக்கச் சாதாரண உறுப்பினர் என்று ஒரே ஒருவர்தான் மிஞ்சினார். பிரசவ விடுப்பில் இருந்த ஒரு டாக்டரம்மா. அவர் வேலைக்குத் திரும்பிய அன்று பன்னிரண்டு வட்டத்துக்காரர்களும் வாசலில் நின்று, "எங்ககிட்ட வாங்கம்மா, உங்களுக்குத் தலைமை தாங்கறோம்" என்று கெஞ்சினார்கள். அந்தம்மா மறுபடி விடுப்பில் போய்விட்டார்.

வைத்தியமும் நடந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. புல்வெளியிலிருந்து ஒரு மேய்ப்பர் சங்கத்துக்குப் போன் செய்தார்.

"டாக்டர், குதிரை தரையில கிடந்து புரளுது!"

"இது எந்த வட்டத்துல வரும்?" என்று மௌலென் சன்ஜாரிடம் கேட்டான்.

"அந்தக் குதிரை இப்ப என்ன உணருதுன்னு முதல்ல பாக்கணும்."

"வயித்துவலி உணருது."

"அப்போ அது துணை தேடுது. உடன்பயணி வட்டம்."

உடன்பயணி வட்டத்துக்குத் தகவல் போய், தலைவர் இணைத்தலைவரைக் கேட்டு, இணைத்தலைவர் ஈடுபாட்டு அலுவலரைக் கேட்டு, எல்லோரும் கிளம்புவதற்குள் குதிரை எழுந்து நின்று புல் தின்ன ஆரம்பித்துவிட்டது. கடவுள் இருக்கிறார். 'பயனாளியின் தன்முனைப்பால் பிரச்சினை தீர்ந்தது' என்று பதிவாளர் எழுதிக்கொண்டார்.

எல்லோர் கைபேசியிலும் ஈடுபாட்டுச் செயலி ஒன்றை ஏற்றிவிட்டிருந்தார்கள். கருத்துச் சொன்னால் ஐந்து புள்ளி. அடுத்தவர் கருத்தை ஆமோதித்தால் பத்து. சிரித்த முகங்களோடு குழுப்படம் போட்டால் நாற்பது. நாங்கள் இதைக் கிண்டல் செய்துகொண்டேதான் போட்டோம். கிண்டல் செய்துகொண்டே போட்டாலும் புள்ளி ஏறும்.

ஆனால் வியாழக்கிழமை மட்டும் யாருக்கும் சொல்லாமல் ரௌஷான் அக்கா கடைக்குப் போய்க்கொண்டிருந்தோம். 'நோயுற்ற குதிரையைப் பார்க்கச் செல்கிறேன்' என்று எட்டு வட்டங்களில் எட்டுப் பேர் சொல்லிவிட்டு வருவோம். மூலை மேஜையில் தோலெகென் அண்ணன் பளபளவென்ற கன்னத்தோடு உட்கார்ந்திருப்பார். "வாங்கடா தலைவருங்களா" என்பார். ஆறு அதற்குள் கடலளவு ஆகியிருந்தது.

எங்களைக் காட்டிக்கொடுத்தது அந்தச் செயலிதான். எட்டுக் கைபேசிகள் வாராவாரம் ஒரே இடத்தில் நிற்கின்றன என்று அது சன்ஜாரிடம் சொல்லிவிட்டது. ஒரு வியாழக்கிழமை நாங்கள் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தபோது கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றான்.

செத்தோம் என்று நினைத்தோம். அவன் கண்ணில் தண்ணீர்.

"இது... இதைத்தான் நான் தேடிக்கிட்டிருந்தேன்" என்றான். "அண்ணே, எப்படி இது? இதோட நிகழ்ச்சி நிரல் என்ன?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

"யாரு நடத்தறா?"

"யாருமில்ல."

"எதுக்காகக் கூடறீங்க?"

"டீ நல்லா இருக்கும்."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். தோலெகென் அண்ணன் தலையிலடித்துக்கொள்ளாத குறையாக, "தம்பி, உனக்குப் புண்ணியமாப் போகும், டீயைக் குடிச்சிட்டு மறந்துடு" என்று ஒரு கிண்ணத்தை நீட்டினார். பையன் டீயைக் குடித்தான். மறக்கவில்லை.

அடுத்த வாரமே 'வியாழக்கிழமை வட்டம்' பதின்மூன்றாவது வட்டமாக அறிவிக்கப்பட்டது. எலும்புச் சிக்கல் எழுந்தது. கைரொல்லா அண்ணன் ஒரு நாள் முழுக்க யோசித்து, "நாக்கு இருக்கே! பேசிக்கிட்டே இருக்கறவங்களுக்கு அதைவிடப் பொருத்தமா என்ன குடுக்கறது?" என்றார். அந்த நாக்குக்கு உரிய தலைவராக என்னை நியமித்தார்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். விருந்தில் வாசலுக்கு எதிர்ச்சுவரோரம் இருக்கும் மேலிடத்தில், கைரொல்லா அண்ணனிலிருந்து நாலாவதாக எனக்கு இடம் என்றார்கள். இத்தனை வருஷமும் நான் கதவோரம் உட்கார்ந்து குளிர்காற்று வாங்கினவன். சரி, சங்கத்துக்காக ஒப்புக்கொள்வோம் என்று ஒப்புக்கொண்டேன்.

டீக்கடையில் திரை மாட்ட இடமில்லை என்பதால் வட்டம் சங்க மண்டபத்துக்கு மாறியது. மேஜை இருந்தால் மனசுக்கும் மனசுக்கும் நடுவே தடை என்று மேஜையை எடுத்துவிட்டார்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

"ஒவ்வொருத்தரும் சொல்லுங்க" என்றான் சன்ஜார். "இன்னைக்கு உங்க மனசுல என்ன வானிலை?"

"மேகமூட்டம்" என்றான் மௌலென். "டீ வந்தா தெளியும்."

"டீ, பகிர்வு முடிஞ்ச பிறகு."

"அப்போ இடி, மின்னல்."

தோலெகென் அண்ணன் உறுப்பினர் இல்லை என்பதால் பார்வையாளராக வர விண்ணப்பிக்கலாம் என்றார்கள். அவரிடம் சொன்னேன். "டீ குடிக்க விண்ணப்பமா? நான் கடையிலயே இருக்கேன்டா எசென், நீங்க முடிச்சிட்டு இப்படி எட்டிப் பாருங்க" என்றார். "கண்டிப்பா வர்றோம்ணே" என்றேன். முதல் வாரம் பகிர்வு நீண்டுவிட்டது. இரண்டாவது வாரம் தலைநகரிலிருந்து பார்வையிட வந்தார்கள். அதற்கப்புறம் என்ன காரணம் சொன்னோம் என்பதுகூட நினைவில்லை. காரணத்துக்கா பஞ்சம்?

எங்கள் வட்டத்தின் வெற்றியைப் பார்த்து மற்ற வட்டங்களும் வியாழக்கிழமை கூட வேண்டும் என்று உத்தரவாயிற்று. 'நிகழ்ச்சி நிரலற்ற உரையாடல்: நடைமுறைக் கையேடு' ஒன்று வெளியானது. எந்த இடத்தில் சிரிக்கலாம் என்பதற்கு அதில் ஒரு படம்கூட உண்டு. மாகாணத்தின் ஈடுபாட்டுப் புள்ளி விண்ணைத் தொட்டது. கைரொல்லா அண்ணன் மாநாட்டில் பேசிக் கைதட்டு வாங்கினார். ஆண்டு விருந்தில் எனக்கு நாக்கு வைத்தார்கள். மேலிடத்தில் உட்கார்ந்து தின்றேன். நன்றாகத்தான் வெந்திருந்தது. கதவோரத்தில் உட்கார ஆளே இல்லாததால், பரிமாற வந்தவர்களே அங்கே உட்கார்ந்து ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்ன சிரிப்பு என்று எட்டிப் பார்க்க ஆசையாக இருந்தது, ஆனால் பதவி என்று ஒன்று இருக்கிறதே.

ஒரு வியாழக்கிழமை சன்ஜாருக்குக் காய்ச்சல். வட்டம் கூடவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் பஸ் நிலையத்தைக் கடந்தபோது ரௌஷான் அக்கா கடையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. கால் தானாக அங்கே திரும்பியது.

மூலை மேஜையில் தோலெகென் அண்ணன். சவரம் செய்த முகம். அவரைச் சுற்றி ஒரு பஸ் டிரைவர், பஸ் நிலைய வாசலில் சூரியகாந்தி விதை விற்கும் அம்மா, பக்கத்துக் கடை முடிவெட்டுகிறவர், ரயிலைத் தவறவிட்ட யாரோ ஒரு ஆள். குதிரை அவரை ஆற்றில் தள்ளிக்கொண்டிருந்தது.

"அடேங்கப்பா! எவ்வளவு அகலம்ணே ஆறு?" என்று கேட்டார் டிரைவர்.

"உன் பஸ்ஸு பாதியில நின்னுடும், அவ்ளோ அகலம்."

"என் பஸ்ஸு எங்கயும் நின்னுடும், அது ஒரு கணக்கா?"

விதைக்கார அம்மா சிரித்ததில் கையிலிருந்த விதையெல்லாம் சிதறியது. தோலெகென் அண்ணன் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "வாடா எசென். கதவுகிட்டதான் இடம் இருக்கு, உனக்குப் பழக்கம்தானே" என்றார்.

உட்கார்ந்தேன். எல்லோருக்கும் டீ ஊற்றிக் கொடுத்தேன். ரயிலைத் தவறவிட்ட ஆள், தான் அதைத் தவறவிடவில்லை, ரயில்தான் தன்னைத் தவறவிட்டது என்று நிரூபிக்கப் பார்த்தான். கண்ணில் நீர் வரச் சிரித்தேன். இப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று. அந்த நிறைவில் என் கை சட்டைப் பைக்குள் போனது.

"எல்லாரும் கொஞ்சம் இப்படிப் பாருங்க!" என்றேன்.

கைபேசி பளிச்சென்றது. சிரிப்பு அப்படியே நின்றது. முடிவெட்டுகிறவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இதுக்கும் புள்ளி உண்டாடா தம்பி?" என்று கேட்டார் தோலெகென் அண்ணன்.

"நாற்பது, அண்ணே!" என்றேன். எனக்கு அதில் பெருமைகூட இருந்தது என்று நினைக்கிறேன்.

ரௌஷான் அக்கா வந்து என் கிண்ணத்தைத் தளும்பத் தளும்ப நிரப்பினாள். எங்கள் பக்கத்தில் விருந்தாளிக்கு அரைக் கிண்ணம்தான் ஊற்றுவார்கள், அடிக்கடி கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டு நெடுநேரம் உட்காரட்டும் என்று. விளிம்பு வரை ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். அவசரத்தில் ஊற்றிவிட்டாள் போலிருக்கிறது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

படம் அன்றைக்கே மாகாணத்தில் முதலிடத்துக்கு வந்தது. சன்ஜார் காய்ச்சலைக்கூடப் பொருட்படுத்தாமல், "யாருண்ணே அவங்க? எந்த வட்டம்?" என்று போன் செய்தான். அடுத்த வியாழக்கிழமை ஒட்டுச்சீட்டுகள், மடக்குத் திரை சகிதம் அவனும், மேலிடத்தைக் காலிசெய்து கைரொல்லா அண்ணனும், வழிகாட்டியாக நானும் டீக்கடைக்குப் போனோம்.

மூலை மேஜை காலியாக இருந்தது. அதற்கடுத்த வாரமும் காலி. சன்ஜார் உண்மையிலேயே கலங்கிப்போனான். "ஈடுபாடு எங்கயோ நடந்துகிட்டிருக்குண்ணே, நமக்குத் தெரியாம" என்று சொல்லிவிட்டுத் திரையை மடக்கினான். நான் அவர்களை அனுப்பிவிட்டு மெதுவாகக் கல்லாப் பக்கம் போனேன்.

"அக்கா, தோலெகென் அண்ணன் எங்க? அவருக்கு ஒண்ணுமில்லையே?"

"அவருக்கென்ன, ராஜா மாதிரி இருக்காரு. இப்ப வாரத்துல ரெண்டு நாள் சவரம் பண்றாரு" என்றாள் ரௌஷான் அக்கா, கிண்ணங்களைத் துடைத்தபடி.

"எங்க கூடறாங்க? எனக்கு மட்டும் சொல்லுங்கக்கா. சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவள் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. அங்க நீ யாரா போய் உக்காருவ?"

"வியாழக்கிழமை வட்டத் தலைவர்" என்றேன். வாய் முந்திக்கொண்டது. "இல்லக்கா, இல்ல, சும்மா எசெனா... சும்மா டீ குடிக்கத்தான்."

"முதல்ல வந்ததுதான் பதில்" என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த கிண்ணத்தை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.